மதகு இறக்கிய கை

நாலாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து டாலர். ஹோபர்ட்டுக்கு அவர் கொடுக்க வேண்டிய பாக்கி அது. கடைசி நாள் காலையில், கொடுத்த தண்ணீர்கூட உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்துகொண்டிருந்தபோதும், அந்தத் தொகையைத்தான் அவர் முணுமுணுத்தார். மேவிஸ் ஈரத்துணியால் புருஷனின் உதட்டைத் துடைத்துவிட்டு, துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

“ஹோபர்ட் வந்தானா?”

“வருவாரு. லெஸ்டர் கூப்பிடப் போயிருக்கான்.”

“வண்டிச் சத்தம் கேக்குதே.”

“அது ஆத்துச் சத்தம். பேசாம படுங்க.”

அவள் சொன்னது உண்மைதான். ஜனவரியில் மேலணையை உடைத்துவிட்டதிலிருந்து ஆறு இரவும் பகலும் இரைகிறது. அவள் பிறப்பதற்கு முந்தின வருஷம் கட்டிய அணை அது. அறுபத்தொரு வயது வரைக்கும் அவள் பார்த்தது, அளந்து விட்ட தண்ணீரைத்தான். எல்லாரும் ஆறு திரும்பி வந்துவிட்டது என்று ஆடிப் பாடினார்கள். மேவிஸுக்கு மட்டும் அந்தச் சத்தம், தெரியாத ஆள் யாரோ வீட்டுக்குப் பின்னால் நடமாடுகிற மாதிரி இருந்தது. முதல் இரண்டு மாதம் தண்ணீர் கறுப்பாக வந்தது. அறுபது வருஷத்துச் சேறு. அதன்பிறகு தெளிந்தது. வெயில் போய் அக்டோபரும் வந்துவிட்டது. கடலிலிருந்து முட்டையிட வருகிற சால்மன் மீன் கீழ் ஆற்றில் ஏறத் தொடங்கிவிட்டது என்றார்கள். அணை இருந்த இடத்தைத் தாண்டிப் போகுமா, அங்கேயே முட்டிக்கொண்டு நிற்குமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளி நீண்டுகொண்டே போனது.

லெஸ்டர் வந்தான். அவருடைய அக்காள் ஐரிஸின் மகன். நாற்பத்தைந்து வயது, மரம் அறுக்கிற வேலை. பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, அடுப்படியிலேயே நின்று கையைக் காட்டி அவளைக் கூப்பிட்டான்.

“அத்தை, வீடு பூட்டிக் கெடக்கு. வண்டியும் இல்ல. நாய்க்கு ரெண்டு நாள் தீனி கொட்டி வெச்சுட்டுப் போயிருக்காரு.”

“எங்க போனாராம்?”

“யாருக்குத் தெரியும்? அந்த மனுஷன் சொல்லிட்டா போவாரு?”

ஐரிஸ் அடுப்பில் மான்கறி கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “ஓடி ஒளிஞ்சிருக்கான், கெழட்டு நரி. உசுரோட இருக்கும்போது வந்தா, பாவம்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டி வருமே. போனப்புறம் வருவான் பாரு. நேரா குழிக்கே வருவான்.”

“மதினி, மெதுவா. அவருக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். சரின்னு கடனை ஒத்துக்கிட்டவன் என் தம்பிதானே?”

குழி என்று கேட்டதும் மேவிஸ் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

ஆற்றங்கரைப் பூர்வகுடிகளான அவர்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு: பாக்கி வைத்தவனைப் புதைக்கும்போது, கொடுத்தவன் குழி ஓரத்தில் வந்து ‘நில்லு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீர்க்கிறவரைக்கும் மண் தள்ளக் கூடாது. இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று சொல்லலாம். மேவிஸ் பார்த்திருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. ஆகஸ்டு மாதம். அவள் தாய்மாமனை இரண்டு நாள் தார்ப்பாயில் சுற்றி, ஐஸ் மூட்டைகளை மேலே வைத்து, ஓக் மரத்தடியில் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் உருகி ஓடிய தண்ணீர் அவள் செருப்பு வரைக்கும் வந்தது. தார்ப்பாயின் மேல் ஈக்கள் நகர்கிற சத்தத்தை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஹோபர்ட்டோ, அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். சொந்தத் தம்பியிடமே ஒரு தப்புக்குத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டவன். வழக்கம் என்றால் அவனுக்கு அண்ணன் தம்பி கிடையாது.

அந்தக் கடன் கைமாற்றாக வாங்கியதல்ல. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் மேலணையில் மதகு வேலை பார்த்தார். பத்து நாள் அங்கே, நாலு நாள் வீட்டில். ஒரு செப்டம்பரில், மீன் ஏறுகிற நேரத்தில், போனில் யாரோ மதகை இறக்கச் சொன்னார்கள். இறக்கினார். தண்ணீர் வற்றிச் சூடானது. ஒரு வாரத்தில் கீழ் ஆறு முழுக்க மீன் செத்து ஒதுங்கியது. இடுப்பளவு நீளமுள்ள மீன்கள், வயிறு வெளுத்து, கரை நெடுக. மூக்கைப் பொத்திக்கொண்டு ஜனம் அழுதது. அவரும் ஹோபர்ட்டும் அத்தை மகன், மாமன் மகன். பத்து வயதிலிருந்து ஒரே வலையைப் பிடித்து இழுத்தவர்கள். அந்த வருஷம் ஹோபர்ட் புது வலையும் படகுக்கு மோட்டாரும் கடனில் எடுத்திருந்தான். இரண்டு கையிலும் இரண்டு செத்த மீனைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டு வாசலுக்கு வந்தான். படியில் அவற்றைப் போட்டான்.

“ஒன்பதாயிரம். வலைக்கும் மோட்டாருக்கும் இந்த வருஷத்து மீனுக்கும். நீ குடு,” என்றான்.

அவர் படியைப் பார்த்தார். “சரி,” என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு மேவிஸ் சண்டை போட்டாள். “ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எவனோ போன்ல சொன்னான். கம்பெனிய போய்க் கேக்கட்டும். நீங்க எதுக்கு சரின்னீங்க?”

“சக்கரத்தைச் சுத்தினது யார் கை?” என்று கேட்டார் அவர். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விறகாகக் கொடுத்தார், மானாகக் கொடுத்தார், பணமாகவும் கொடுத்தார். வேலை போய் மாத்திரைச் செலவு வந்தபிறகு பாக்கி அப்படியே நின்றுவிட்டது. அணையை உடைக்கப் போகிறார்கள் என்றதும், அறுபத்துமூன்று வயதில், இளைக்கிற நெஞ்சோடு, பாறை லாரிகளுக்குக் கொடி காட்டுகிற கூலி வேலைக்குப் போனார். ஒரு வருஷம் தூசியைத் தின்றார். கடைசிச் சுவர் விழுந்த அன்று ஹோபர்ட்டிடம் போய், “மச்சான், கட்டினதை எடுத்தாச்சு,” என்றார். ஹோபர்ட் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கூலி வாங்கிட்டுப் பண்ணின வேலை கூலிக்குச் சரி. மீன் ஏறினா அப்ப பேசு,” என்றான்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் கண்ணைத் திறந்தார்.

“ஏறிச்சா?”

மேவிஸுக்குப் பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. “பாத்துச் சொல்றோம்னாங்க,” என்றாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பயம் இருந்தது. இருபத்தாறு வருஷம் இரும்புச் சக்கரம் சுற்றிய உள்ளங்கை, இன்னும் காய்ப்பு போகாதது. “மேவிஸ், அவன் வந்தா நீ உள்ள போயிடு. நீ பேசாதே. நான் பேசிக்கிறேன்.”

“சரி.”

அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது. ஐரிஸ் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்று, தம்பியின் முகத்தைப் பார்த்து, கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

இறந்தவரை வாசல் வழியாகக் கொண்டுபோக மாட்டார்கள். உயிரோடு இருப்பவர்கள் நடக்கிற வழி அது. படுக்கை அறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து எடுக்க வேண்டும். மறுநாள் காலை லெஸ்டர் அதைச் செய்தான். திருகுகள் துருப்பிடித்திருந்தன. ஒன்று கழுத்தோடு முறிந்தது.

“மாமா போட்ட திருகு,” என்றான். “போற வழியிலயும் எனக்கு வேலை வெச்சுட்டுப் போயிருக்காரு.”

“வாயைக் குறைச்சுக் கையைப் போடு,” என்றாள் ஐரிஸ். ஆனாலும் சிரித்தாள். சிரித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

மேவிஸ் அறைக்குள் தனியாகப் போய் உடுப்பு மாற்றினாள். கையில் அறுநூற்றுப் பதினொரு டாலர் இருந்தது. பெட்டியிலிருந்து அம்மாவின் சிப்பிச்சரத்தை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டாள். விரல் நீளத்தில் வெள்ளைச் சிப்பிகள். பாட்டன் காலத்தில் படகு வாங்குகிற விலை. கதவருகே வந்த ஐரிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

“அதை எங்க எடுத்துட்டுப் போற?”

“கேட்டா குடுக்கணுமே.”

“பைத்தியமா உனக்கு? அது ஆட்டத்துக்குப் போடுறது. நம்ம வீட்டுப் பொண்ணுங்க கழுத்துல ஆடணும். அதைக் கேக்குற துணிச்சல் அவனுக்கு வருமா?”

“வந்தா?”

ஐரிஸ் கையை நீட்டி அந்தப் பையின் மூடியை இழுத்துவிட்டாள். அவளுக்கும் பயம் என்று மேவிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

குழி மேட்டில், ஆற்றைப் பார்த்த சரிவில். அவர் அப்பனும் பாட்டனும் அங்கேதான் இருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் அடிக்கடி கீழே சாலைக்குப் போய்த் திரும்பியது. சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று மேவிஸ் நினைத்தாள். புருஷனை மண்ணில் வைக்கிற நேரத்தில் சீக்கிரம் என்று நினைக்கிறோமே என்று வேறு இருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஐரிஸ் அவர்களுடைய பழைய பாஷையில் சொன்னாள். பாதியில் ஒரு வார்த்தை மறந்துபோய், திரும்ப ஆரம்பித்தாள். அந்த ஒரு நிமிஷம் மேவிஸுக்கு ஒரு மணி நேரமாகப் போனது.

நாலு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். பெட்டி குழியின் வாய்க்கு வந்தது.

அப்போது வண்டி வந்தது.

இந்தத் தடவை ஆற்றுச் சத்தம் இல்லை. ஹோபர்ட்டின் பழைய பச்சை வண்டி, சைலன்சர் உடைந்தது. வேலி ஓரத்தில் நின்றது. ஹோபர்ட் இறங்கி, கதவைச் சாத்தாமல், மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

“அத்தை,” என்றான் லெஸ்டர். “எறக்கவா, நிறுத்தவா? சீக்கிரம் சொல்லுங்க, கை வழுக்குது.”

“எறக்கு,” என்றாள் ஐரிஸ்.

மேவிஸ் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு, சிப்பிச்சரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஓக் மரத்தடியும் தார்ப்பாயும் கண் முன்னால் வந்து நின்றன. நீ பேசாதே, நான் பேசிக்கிறேன் என்று அவர் சொன்னாரே. இப்போது யார் பேசுவது?

பெட்டி அடியில் போய்த் தட்டியது. ஹோபர்ட் அதற்குள் மேலே வந்துவிட்டான். அறுபத்தைந்து வயது ஆள், ஏற்றத்தில் இளைத்தான். தொடை வரைக்கும் சேறு, காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு நாள் தூங்காத கண். ஜனம் விலகி வழி விட்டது. அவன் யாரையும் பார்க்கவில்லை. குழி ஓரத்தில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். தூரத்தில் வீட்டுச் சுவரில் ஜன்னல் பெயர்த்த துவாரத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு கீழே குனிந்தான்.

பெயரைச் சொன்னான்.

காகிதத்தில் எழுதுகிற பெயர்கூட இல்லை. சின்ன வயதில் வலையின் அந்த முனையிலிருந்து கூப்பிடுகிற பெயர்.

“ஏறிடுச்சுடா,” என்றான். “மதகு இருந்த எடத்துக்கு மேல. நேத்துப் பொழுதோட பாத்தேன். மூணு பொட்டை மீனு, ஒரு ஆண் மீனு. சின்ன ஓடைல, கல்லைத் தள்ளி முட்டை போடக் குழி பறிச்சுக்கிட்டு இருக்குதுங்க. என் தாத்தன் காலத்துக்கப்புறம் ஒரு மீனும் போகாத எடம்டா அது. அதுங்களுக்கு யாரு வழி சொன்னா?” திரும்பவும் அந்தப் பெயரைச் சொன்னான்.

லெஸ்டர் கயிற்றைக் கீழே போட்டான். ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள்.

போனவர் பெயரை, துக்கம் கழியும் முன்னால், வீட்டார் காதுபடச் சொல்லக் கூடாது. போகிறவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். சொன்னவன் விலை கொடுத்தாக வேண்டும். தெரிந்து சொன்னானா, வாய் தவறியதா என்று யாரும் கேட்பதில்லை. விலை வைக்க வேண்டியது பெண்டாட்டி; அவள் இல்லாவிட்டால் மூத்த பிள்ளை. ஹோபர்ட் தம்பியிடமிருந்து துப்பாக்கியை வாங்கியது இதற்காகத்தான். அவர்கள் அம்மா இறந்த துக்கத்தில், அவள் பெயரைத் தம்பி ஒரு தடவை சொல்லிவிட்டான்.

“ஹோபர்ட்,” என்றாள் ஐரிஸ். “ரெண்டு தடவை சொன்னே.”

“காது இருக்கு எனக்கு.”

“அப்ப வெலை இருக்கு.”

“இருக்குன்னு தெரியாதா எனக்கு?” அவன் மேவிஸ் பக்கம் திரும்பினான். “சொல்லு, தங்கச்சி. எவ்வளவு?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மேவிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. சேறு காய்ந்த, சவரம் செய்யாத, பிடிவாதம் பிடித்த முகம். நிஜமாகவே வாய் தவறியிருந்து, அவள் பெரிதாகக் கேட்டுவிட்டால்? குழி ஓரத்தில் ஒரு கிழவனை அவமானப்படுத்தியதாக ஆகும். அவன் பதிலுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வழக்கமான விலை ஐநூறு. ஐநூறு என்று சொன்னால் ஒருவருக்கும் குறை இல்லை. பாக்கியும் அப்படியே இருக்கும், அவள் தலையில், சாகிறவரைக்கும்.

தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பெயரைச் சொன்னான் என்பது அவளுக்கு நினைவு வந்தது; வாய் தவறுகிறவன் அப்படித் தயாராகிச் சொல்ல மாட்டான்.

சரத்தை விட்டுவிட்டுக் கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள்.

“நாலாயிரத்து முந்நூத்திப் பதினஞ்சு.”

யாரோ இருமினார்கள். ஆறு இரைந்தது.

“ஜாஸ்தி,” என்றான் ஹோபர்ட்.

அவள் குழிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

“எங்கம்மா பேருக்கே ஒரு துப்பாக்கிதான் வாங்கினேன். நாலாயிரம் வெச்சுக்க.”

பேரம் பேசாமல் கொடுக்கிற விலை, கொடுத்ததாகச் சேர்த்தி இல்லை. மேவிஸுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

“ஒரு சென்ட் கொறையாது.”

“பதினஞ்சையாவது விடேன்.”

“ரெண்டு தடவை சொன்னீங்க, அண்ணே. ரெண்டாவதை இனாமா விட்டிருக்கேன்.”

லெஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது, சிரிப்பா, வேறா தெரியவில்லை.

ஹோபர்ட் தரையைப் பார்த்தான். நிஜமாகவே கணக்குப் பார்க்கிறவன் மாதிரி வெகுநேரம் பார்த்தான்.

“சரி,” என்றான்.

ஐரிஸ் முன்னால் வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். “எல்லாரும் கேட்டுக்குங்க. இவனுக்கு வர வேண்டியது அவளுக்குக் குடுக்க வேண்டியதோட போச்சு. இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல.” பிறகு தணிந்த குரலில், “மண்ணைத் தள்ளுங்க,” என்றாள்.

ஹோபர்ட் லெஸ்டரின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று இரண்டு பேர் தடுத்தார்கள். கேட்கவில்லை. கடைசிப் பிடி மண் வரைக்கும், இளைக்க இளைக்க, அவனே தள்ளினான்.

வீட்டில் மேசையை நீளவாக்கில் போட்டிருந்தார்கள். மான்கறி, ரொட்டி, ஓக் கொட்டைக் கஞ்சி. ஜன்னல் இருந்த ஓட்டையில் லெஸ்டர் பலகையை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். தீராத வழக்கு உள்ளவர்கள் ஒரு கூரைக்குக் கீழே சாப்பிட மாட்டார்கள். ஹோபர்ட் இருபத்திரண்டு வருஷம் கழித்து இந்த வீட்டுக்குள் வந்தான். சேற்றுக் காலோடு வாசலில் கொஞ்சம் தயங்கினான். பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

மேவிஸ் அவனுக்கு எதிரே கிண்ணத்தை வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டான்.

“உப்பு கம்மி,” என்றான்.

“மதினி சமையல். அவங்ககிட்டச் சொல்லுங்க, பாப்போம்.”

“வேண்டாம்மா, எனக்கு உசுர் மேல ஆசை இருக்கு.” கரண்டியால் கிண்ணத்தைக் கிளறினான். “உப்புன்னதும் ஞாபகம் வருது. பதிமூணு வயசுல, ஒரு தடவை, மீன் புகை போடுறதுக்கு உப்பு வாங்கிட்டு வான்னு அனுப்பினாங்க. நானும்...”

பெயர் வர வேண்டிய இடத்தில் நின்றான். திறந்த வாய்க்குள் கரண்டியை வைத்துக்கொண்டான்.

மேவிஸ் உப்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.